அங்கே என்ன மரம்?

முல்லைக்கு இரண்டு பொழுதுகள். பறிக்கிறவர்களுக்கு விடிகாலை, பூவுக்கு மாலை. நான் விடிகாலை முல்லையோடு வளர்ந்தவள். மாலை முல்லையைக் கவிதைகள்தான் எனக்கு முழுதாகக் காட்டின.

நிலக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பாதியில் மல்லிகை, பாதியில் முல்லை. கோழி கூவுவதற்கு முன்பே அம்மா எழுந்து, பழைய சேலைத் துணியை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு செடிக்குச் செடி குனிந்து அரும்பு பறிப்பாள். அன்று மாலை எது வாய்விடுமோ அந்த அரும்பை மட்டும்தான் பறிக்க வேண்டும். நாளைக்கு உரியது இன்னும் பச்சை மாறாமல் இருக்கும். அதைத் தொடக் கூடாது. இருட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பறித்ததை ஈரத்துணியில் மூடி நிலக்கோட்டைக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிடுவோம். வெயில் ஏறி அரும்பு விரிந்துவிட்டால் விலை விழுந்துவிடும்.

எவ்வளவு பார்த்துப் பறித்தாலும் இலைக்கு அடியில் சில அரும்புகள் தப்பிவிடும். பொழுது சாயும்போது அவைதான் பூக்கும். மாலையில் எங்கள் காட்டில் மணந்ததெல்லாம் கைக்குத் தப்பிய பூக்கள். அம்மா அந்த நேரத்தில் வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். வேலை எதுவும் இருக்காது. நான் பள்ளிக்கூடத்துப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்பா ராணுவத்தில் இருந்தார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன். பதிலையும் நான்தான் எழுதினேன். நீல நிற இன்லேண்ட் கடிதம். அப்பாவின் முகவரியில் ஊரே இருக்காது. பெயர், படைப்பிரிவு, அதற்குக் கீழே 56 ஏ.பி.ஓ. என்று ஒரு எண், அவ்வளவுதான். படையினர் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கடிதம் வெளியே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ராணுவத் தபாலில் செய்த ஏற்பாடு அது. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கடிதம் அந்த எண்ணுக்குப் போய், அங்கிருந்து அவரைத் தேடிப் போகும்.

அந்த எண்தான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எப்படி நினைத்துக்கொள்வது? ஒருநாள் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்:

“தாயி, ஊர் பேரக் கேக்க வேணாம். அவுக இருக்குற எடத்துல என்ன மரம் நிக்குதுன்னு மட்டும் கேட்டு எழுது.”

எழுதினேன். பதில் வந்தது. ஊசி ஊசியாக இலை வைத்த மரங்கள் மலை முழுக்க இருப்பதாகவும், கூடாரத்துக்குப் பக்கத்தில் சினார் என்று ஒரு பெரிய மரம் நிற்பதாகவும், ஐப்பசி வந்தால் அதன் இலையெல்லாம் சிவந்து உதிர்வதாகவும் அப்பா எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். “நம்ம வேம்பு மாசியிலதான் கொட்டும். அங்க ஐப்பசியிலயே கொட்டுதா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஐப்பசி மழையின்போது அந்த மரத்தைப் பற்றிய பேச்சு வரும். நாங்கள் யாரும் பார்க்காத ஒரு மரத்தின் அடியில் அப்பா நிற்கத் தொடங்கினார். இன்லேண்டுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். அதனால் அடுத்த லீவில் வரும்போது காய்ந்த சினார் இலை ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்தார்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதங்களில் பிரிவு, ஏக்கம், அன்பு என்ற சொற்கள் ஒன்றுகூடக் கிடையாது. “மல்லிக்குக் கவாத்து முடிந்தது. முருங்கை பூத்து மழையில் கொட்டிவிட்டது. கிணற்றில் தண்ணீர் படி ஏறியிருக்கிறது. சிவப்பி கன்று போட்டிருக்கிறது.” இப்படித்தான் இருக்கும். பத்து வயதில் எனக்கு அது வெறும் ஊர்ச் செய்தி. ஆனால் “முருங்கை பூ கொட்டிப்போச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்த இடத்தில் நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். எழுதுகிறவள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் காத்திருப்பில்தான் கற்றேன்.

*

குறுந்தொகை என் கைக்கு வந்தது ஊர்க் கிளை நூலகத்தில். உ.வே. சாமிநாதையர் உரையெழுதி 1937இல் வெளியிட்ட பதிப்பின் பிற்கால அச்சு. அட்டை கிழிந்து, காக்கித்தாள் ஒட்டியிருந்தது. இந்தத் தொகைக்குப் பேராசிரியர் எழுதிய பழைய உரை கிடைக்காமல் போயிற்று. அவர் எழுதாமல் விட்ட இருபது பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் கிடைக்கவில்லை. ஆகவே 82 வயதில் ஐயரே உட்கார்ந்து பதவுரை, கருத்து, விளக்கம், ஒப்புமை என்று எல்லாம் எழுதினார். பதினைந்து பதினாறு வயதில் எனக்குப் பாட்டு புரியவில்லை. விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போனேன். நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்குள் ஒரு காடு, ஒரு பொழுது, இரண்டு மனிதர்கள்.

முதலில் என்னை நிறுத்தியது கவிஞர்களின் பெயர்கள். எழுதியவர் பெயர் தெரியாத பாட்டுகளுக்கு, பாட்டுக்குள் இருக்கிற ஒரு காட்சியையே எடுத்துக் கவிஞருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார். ஊர் தெரியாது, குலம் தெரியாது, பெற்றோர் தெரியாது. ஒரு தூண்டில், ஒரு ஏர், ஒரு கோழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுத்து வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பேறு வேறு உண்டா என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கவிஞன் தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்பது அழிந்துபோனது. எதைச் சரியாகப் பார்த்தான் என்பது அழியவில்லை.

அணிலாடு முன்றிலார் பாட்டை அம்மாவுக்குச் சொன்னேன். காதலன் உடன் இருக்கும்போது திருவிழா நடக்கிற ஊர்போல மகிழ்ந்திருக்கிறேன் என்கிறாள் தலைவி. அவன் பிரிந்துபோனால், ஆட்கள் குடிபெயர்ந்து போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி ஆகிவிடுகிறேன் என்கிறாள். எங்கள் தெருவில் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் இரண்டு மூன்று பூட்டிக் கிடந்தன. அம்மா கேட்டுவிட்டு, “ஆள் இருந்தா அணில் முத்தத்துல எறங்காது. இதை எழுதுனவுக அப்படி ஒரு வீட்டுக்கு எதுத்தாப்புல குடியிருந்திருக்கணும்” என்றாள். எந்த உரையிலும் நான் படிக்காத விளக்கம் அது.

பிறகு அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பூக்கட்டுகிற நேரத்தில் நான் பாட்டின் பொருளைச் சொல்வேன். அவள் கையில் வாழைநார் ஓடிக்கொண்டே இருக்கும். கார்காலம் வந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. அது பருவ மழையே இல்லை, வேறு மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்திருக்கிறது என்று தோழி ஆறுதல் சொல்கிற பாட்டைச் சொன்னேன். அதே நிலையில் ஓதலாந்தையார் பாட்டுத் தலைவி வேறொன்று சொல்கிறாள். காடே பூத்து நின்று இதுதான் கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்கிறாள். இரண்டையும் கேட்ட அம்மா, “மொதப் பாட்டுல தோழி பேசுது. ரெண்டாவதுல அவளே பேசுறா. அவளே பேசுறதுதான் தாங்க முடியல” என்று சொல்லிவிட்டு நாரை இறுக்கி முடிந்தாள். அப்பாவுக்கு ஆவணியில் கிடைத்த லீவு ரத்தாகியிருந்த ஆண்டு அது.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது நம் வீடுகளில் இன்றும் இருக்கிற நம்பிக்கை. பிரிந்தவன் திரும்பி வருவான் என்று கரைந்து சொன்ன காக்கைக்கு, நள்ளியின் காட்டில் மேய்கிற பசுக்களின் நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறுமாக ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் போதாது என்று தோழி சொல்கிறாள். அந்தப் பாட்டால்தான் அவருக்குக் காக்கைபாடினியார் என்று பெயர். பாடியது ஒரு பெண் என்று சொன்னதும் அம்மாவின் முகத்தில் வந்த நிறைவை எழுத எனக்கு இன்னும் கைவரவில்லை.

*

கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தபோது தொல்காப்பியம் இதை இலக்கணமாகச் சொல்வதைக் கண்டேன். நிலமும் பொழுதும் முதல்பொருள். மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்கிற மன நிலைகள் உரிப்பொருள். மனத்தைப் பேச வேண்டுமானால் அது எந்த மண்ணில், எந்த நேரத்தில், எந்தச் செடியின் பக்கத்தில் நடக்கிறது என்பதை முதலில் நிறுத்தியாக வேண்டும். வகுப்பில் இதைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தோம். எனக்கு அந்தப் பட்டியல் முழுக்க நீல இன்லேண்ட் கடிதங்களாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத ஒருத்தி தன் புருஷனுக்கு அனுப்பிய செய்திகள் அத்தனையும் முதலும் கருவுமாக இருந்தன. உரியை அவள் மௌனத்தில் வைத்தாள்.

அந்த ஆண்டுகளில்தான் புதுக்கவிதை எனக்கு அறிமுகமானது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்கிற வத்தலக்குண்டு, பி.எஸ். ராமையாவின் ஊர், சி.சு. செல்லப்பாவின் ஊர். செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்த இதழில். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர். மாடு அணைகிற களத்தை வைத்து அவர் எழுதிய ‘வாடிவாசல்’ சின்ன நாவல். அதில் காளையின் திமிலும் கொம்பும் நிறமும் பாய்ச்சலும் அந்தக் களத்துக்காரர்கள் சொல்கிற சொல்லிலேயே வருகின்றன. புதுமைக்காக இவ்வளவு பாடுபட்டவர், சொல்லுக்குத் தன் மண்ணைத்தான் தோண்டினார் என்பது எனக்குப் பெரிய துணிவைக் கொடுத்தது. புதுக்கவிதையின் முதல் முயற்சியாகச் சொல்லப்படும் ந. பிச்சமூர்த்தியின் கவிதை 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. அதன் தலைப்பு ‘காதல்’. யாப்பு மாறியது, அச்சு இயந்திரம் வந்தது, பத்திரிகை வந்தது. பேச வந்த பொருள் மாறவில்லை.

நானும் எழுதத் தொடங்கியிருந்தேன். காதலும் வந்திருந்தது. கல்லூரி வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவேன். எங்கள் தமிழாசிரியர் என் நோட்டைப் படித்துவிட்டு, சிவப்பு மையில் எதுவும் எழுதாமல், உணர்ச்சிகளின் பெயர்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இந்தச் சொற்களை எடுத்துவிட்டு மீதி நிற்கிறதா என்று பாரம்மா. நின்றால் கவிதை” என்றார். எடுத்துப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம் நின்றது. அந்தி விழுந்ததும் அதன் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்புவது நின்றது. டிப்போவுக்குத் திரும்புகிற பஸ்ஸின் மஞ்சள் விளக்கு நின்றது. அந்த மூன்றும் சேர்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டன. அச்சில் வந்த என் முதல் கவிதை அதுதான்.

திருத்துவது எப்படி என்பதை அதற்கு முன்பே காடு கற்றுக்கொடுத்திருந்தது. கார்த்திகை, மார்கழியில் மல்லிகைக்குக் கவாத்து செய்வோம். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையையும் உருவிவிடுவோம். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பு கட்டும். பழைய குச்சியை விட்டுவைத்தால் செடி பெரிதாகத் தெரியும், பூ இருக்காது. ஒரு கவிதையின் மூன்றாவது, நான்காவது படியை எழுதும்போது எனக்கு அந்த வெட்டுக்கத்தி கையில் இருப்பதாகவே தோன்றும். எந்த வரியை நான் மிகவும் விரும்புகிறேனோ அதில்தான் பெரும்பாலும் பழைய குச்சி இருக்கும்.

*

அப்பா ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். அரும்பு பறிக்கக் கற்றுக்கொண்டார். மாலையில் வரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெய்தலும் பாலையும் கடந்து முல்லையின் கடைசி அடிக்கு வந்துசேர்ந்தது அவர்கள் வாழ்க்கை.

2006இல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்து, விதை விழுந்ததும் செடி மடிந்துபோகும். மலைவாழ் பளியர்கள் குறிஞ்சி பூத்ததை வைத்துத் தங்கள் வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை ஏறி அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். சரிவு முழுக்க நீலம். தேனீக்களின் சத்தம் சாலை வரை கேட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். “ஒரே பாட்டுலயா? அப்ப அவரு எத்தன மலை ஏறியிருக்கணும்” என்றாள். அப்பா பூவைப் பறிக்க விடவில்லை. “இதுங்க அடுத்த மொறைக்கு விதை வேணும்” என்றார்.

2018இல் மறுபடி பூத்தது. அம்மாவும் நானும் மட்டும் போனோம்.

கபிலரை அதற்குப் பிறகுதான் நான் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். காதலர் கூடுகிற மலையை அவரைப் போல எழுதியவர் இல்லை. அதே கபிலர் புறநானூற்றில் தன் நண்பன் பாரியை இழந்தவர். மூவேந்தரும் பறம்பு மலையைச் சூழ்ந்தபோது, உழாமலே விளைகிற நான்கு இந்த மலையில் உண்டு என்று அவர் சொன்னார்: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இன்றைக்குப் பிரான்மலை என்று சொல்லப்படும் மலையைத்தான் அந்தப் பறம்பு என்கிறார்கள். பாரி இறந்த பிறகு, அவன் மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறும்போது, அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பாடுவது அந்த மலையைத்தான். காதலுக்கு ஒரு மொழியும் இழப்புக்கு வேறொரு மொழியும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதே சுனை, அதே பலா, அதே தேன். சென்ற மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், மலையும் இருந்தது. இந்த நிலவில் இரண்டும் இல்லை என்று பாரி மகளிர் பாடியதும் அந்த வழியில்தான். அவர்கள் அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நிலவை மட்டும் காட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டாக அந்த நிலவு தேயவில்லை.

அம்மாவும் அப்பாவைப் பற்றி நேராகப் பேசுவதில்லை. “ஐப்பசி பொறந்துருச்சு. அந்த மரம் செவந்திருக்கும்” என்பாள். தகரப் பெட்டியில் இருந்த சினார் இலை பொடிந்து, நரம்பு மட்டும்தான் மிச்சம். அந்த மரம் நின்ற இடம் எது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஊர்ப் பெயர் இல்லாத ஒரு முகவரியில், ஒரு மரம் போதுமான நிலமாக இருந்திருக்கிறது.

இதை வைத்துத்தான் எழுத்தைப் பற்றி எனக்கு ஒரு நம்பிக்கை. இயற்கை, காதல், நினைவு என்று மூன்று வகைக் கவிதைகள் கிடையாது. உணர்ச்சியை அதன் பெயரால் சேமித்து வைக்க முடியாது. சொல்லி முடித்த மறுநாளே அது வற்றிவிடும். ஒரு செடியிலோ ஒரு நேரத்திலோ ஒரு முற்றத்திலோ வைத்தால் இருக்கும். வைக்கிற இடம் சரியாக இருக்க வேண்டும். முல்லையைக் காலையில் பூக்க வைத்தவர் எழுதிய பிரிவை, முல்லை பறித்தவர் நம்பமாட்டார். அந்த நம்பிக்கை உடைந்தால் கவிதையும் உடைந்துவிடும்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் பூக்காடுகளில் பல வீட்டுமனைகளாகிவிட்டன. எழுத வருகிற பிள்ளைகள், “எங்களுக்குக் காடும் இல்லை, முல்லையும் இல்லை, நாங்கள் எதில் வைப்பது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகள் இருக்கின்றன, மாடிக் கம்பியில் உட்கார்கிற மணிப்புறா இருக்கிறது, நள்ளிரவு ஷிப்ட் முடிந்து டீ குடிக்கிற கடை இருக்கிறது. பொழுதும் நிலமும் கருவும் அங்கேயும் உண்டு. எந்த விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, எந்த மரம் அந்தத் தெருவில் எந்த மாதம் பூக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். காதலோ பிரிவோ வருகிற நாளில், அதை வைக்க இடம் தயாராக இருக்கும்.

என் வேலையும் அதுதான். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. இலையைக் கிள்ளிக் கொடுத்தால் தடவிப் பார்த்துப் பெயர் சொல்கிறாள். வரப்பில் முளைக்கிற களைகள், கொடிகள், பெயரே இல்லை என்று நான் நினைத்திருந்த புல் வகைகள் எல்லாவற்றுக்கும் அவளிடம் பெயர் இருக்கிறது. எது எந்த மாதம் தலைகாட்டும், எதை மாடு தின்னும், எதைத் தின்னாது என்பதும் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிவருகிறேன். பலவற்றை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. அவை ஒவ்வொன்றையும் ஒரு கவிதையிலாவது அதற்குரிய மாதத்தில், அதற்குரிய மண்ணில் நிற்க வைத்துவிட வேண்டும். இனி நான் எழுதப்போவதெல்லாம் அதற்காகத்தான்.